ராத்திரி ஓடும் ஸ்கிரிப்டுக்கு ரூட் பாஸ்வேர்டு எதுக்குங்க?

திருப்பூர், பெருந்துறை, கரூர் பக்கம் எந்தக் கம்பெனி சர்வரைப் பார்க்கக் கூப்பிட்டாலும் நான் முதலில் திறப்பது கிரான் பட்டியலைத்தான், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல். விண்டோஸ் என்றால் டாஸ்க் ஷெட்யூலர். ராத்திரி 11 மணிக்கு மேல் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தால் அந்தக் கம்பெனி எப்படி நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். டையிங் யூனிட்டிலிருந்து அன்றைய பேட்ச் விவரம் ஹெட் ஆபீசுக்கு வரும், நிட்டிங் ஸ்டாக் கம்பெனிக் கணக்கெல்லாம் இருக்கும் ஈஆர்பி சாஃப்ட்வேரில் ஏறும், டேட்டாபேஸ் பேக்கப் வேறொரு ஊரில் இருக்கும் சர்வருக்குப் போகும். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். ஆனால் இதை ஓட்டும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைலைத் திறந்தால் மேலே மூன்றாவது நான்காவது வரியிலேயே யூசர் ரூட், அதாவது சர்வரில் எல்லா உரிமையும் உள்ள கணக்கு, என்றும், அதற்குக் கீழே பாஸ்வேர்டு என்று கம்பெனி பெயர், ஒரு அட் குறி, ஒரு 123 என்றும் பச்சையாக எழுதியிருக்கும்.

எழுதிய பையனை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி 2 மணிக்கு ஓட வேண்டிய வேலை, அந்தப் பக்கத்து சர்வர் பாஸ்வேர்டு கேட்கிறது, தட்டிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் ஒரு பிடிவாதத்தோடு செய்யப்பட்ட கருவி. பாஸ்வேர்டை டெர்மினலில் நேராகத்தான் கேட்கும், எக்கோ போட்டு பைப்பில் தள்ளினால் திரும்பிக்கூடப் பார்க்காது. உட்கார்ந்து தட்டுகிற மனிதருக்குத்தான் பாஸ்வேர்டு என்று யோசித்துச் செய்தது அது. அதைச் சுற்றிப் போகத்தான் எக்ஸ்பெக்ட், எஸ்எஸ்எச்பாஸ் இதெல்லாம். எக்ஸ்பெக்டை 1990இல் டான் லைப்ஸ் எழுதினார். மனிதர் தட்டுவது போலவே ஸ்கிரிப்ட் பேச வேண்டிய ஆயிரம் இடங்களுக்கு அது அருமையான கருவி, இன்றைக்கும் பழைய ஸ்விட்சுகளோடு பேச நான் அதைத்தான் எடுக்கிறேன். எஸ்எஸ்எச்பாஸ் அதைவிடச் சுலபம், ஒரே வரி. விண்டோஸ் பக்கம் புட்டியோடு வரும் பிளிங்க். பேட்ச் ஃபைலில் பாஸ்வேர்டைக் கூடவே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பதும் இதுதான், மறுநாள் காலையில் ரிப்போர்ட் வந்தாக வேண்டும், அவர் எழுதிவிட்டார்.

அப்புறம் அந்த பாஸ்வேர்டு எங்கெங்கே போகிறது என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்ப்பதில்லை.

கொஞ்சம் போய்ப் பார்க்கலாம். எஸ்எஸ்எச்பாஸை ஹைபன் பி போட்டு ஓட்டினால் பாஸ்வேர்டு அந்தக் கட்டளை வரியின் ஒரு பகுதி. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையின் கட்டளை வரியும், தடுத்து வைக்காத வரை, அந்த மெஷினில் லாகின் உள்ள யாருக்கும் தெரியும். பிஎஸ் கட்டளையை எல்லாருடைய வேலையையும் காட்டச் சொல்லித் தட்டினால் போதும். எஸ்எஸ்எச்பாஸ் ஆரம்பித்த உடனே தன் வரியில் பாஸ்வேர்டை அழிக்கப் பார்க்கும், ஆனாலும் கண் இமைக்கும் நேரம் அது அங்கே இருக்கும், இதை அதன் கையேடே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அதை விடுங்கள். ஸ்கிரிப்டைச் சோதிக்க, அதை ஓட்டும் பேஷுக்கு ஹைபன் எக்ஸ் போட்டு ஓட்டியிருப்பார்கள், ஒவ்வொரு வரியும் விரிந்து லாக் ஃபைலில் பாஸ்வேர்டோடு விழுந்திருக்கும். கமாண்ட் ஹிஸ்டரியில் இருக்கும். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரும் தினம் பேக்கப் போகும், அப்போது பேக்கப் இருக்கிற இடமெல்லாம் பாஸ்வேர்டும் இருக்கும். புதுசாகச் சேர்ந்த தம்பிக்குப் புரியட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரிப்டை அனுப்பியிருப்பார்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கும் கிட்டில் ஏற்றி, பிறகு யாரோ சொல்லி அந்த வரியை மட்டும் எடுத்திருப்பார்கள். பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், அது அப்படியேதான் கிடக்கும்.

பிரைவேட் ரெப்போ, வெளியார் பார்க்க முடியாத கிட் தொகுப்புதானே என்று நினைப்பவர்களுக்கு ஊபரின் 2016 கதை போதும். திருடர்கள் உள்ளே வந்தது ஊபர் பொறியாளர்களின் பிரைவேட் கிட்ஹப் ரெப்போ வழியாக. அங்கே நிரலுக்குள் அமேசான் கிளவுட் சாவி வெறும் எழுத்தாக இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போய் 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரத்தை அள்ளினார்கள். விஷயம் வெளியே வந்தது 2017 நவம்பரில்தான். பெரிய கம்பெனி, பெரிய சம்பளம், நல்ல பொறியாளர்கள். ஆனாலும் ஃபைலில் எழுதி வைத்தது ஃபைலைப் படிக்கிற எவருக்கும் சொந்தம்.

இதற்கு நம் ஊரில் செய்யும் வைத்தியங்கள் சில உண்டு. பேஸ்64 ஆக மாற்றி வைப்பது ஒன்று. அது மறைப்பதே இல்லை, எழுத்தைத் திருப்பி வைப்பதோடு சரி, ஒரு கட்டளையில் திரும்பி வந்துவிடும். இன்னொன்று பாஸ்வேர்டை என்விரான்மென்ட் வேரியபிளில் வைப்பது. அது கட்டளை வரியைவிடப் பரவாயில்லை, மற்ற யூசர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் கூப்பிடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் அது தானாகவே போய்ச் சேரும், அதில் ஏதோ ஒன்று விழுந்து எழும்போது தன்னிடம் இருந்த வேரியபிள் எல்லாவற்றையும் லாகில் கொட்டும். தனி ஃபைலில் வைத்து, உரியவர் மட்டும் படித்து எழுதும்படி 600 பர்மிஷன் கொடுப்பது இவற்றில் கொஞ்சம் உருப்படியானது. இவை எல்லாவற்றிலும் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: ராத்திரி ஓடுகிற ஒரு சின்ன வேலையின் கையில் முழு சர்வரையும் திறக்கிற பாஸ்வேர்டு இருக்கிறது.

என்னை உண்மையில் உறுத்துவது அந்த இடம்தான். திருட்டுப் போவதைக்கூட அப்புறம் பேசலாம். அந்த பாஸ்வேர்டு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ரூட்டுடையது, அதாவது எல்லாருடையதும். ஹெட் ஆபீசிலும் டையிங்கிலும் குடோனிலும் ஒரே பாஸ்வேர்டு. நம் பக்கத்தில் தீபாவளி போனஸ் வாங்கியதும் ஆட்கள் கம்பெனி மாறுவது பனியன் கம்பெனியில் மட்டுமில்லை, கம்ப்யூட்டர் ரூமிலும் உண்டு. பக்கத்துத் தெருவிலேயே இன்னொரு கம்பெனி சம்பளம் கூடக் கொடுக்கும். அப்படிப் போனவருக்குப் பாஸ்வேர்டு தெரியும். மாற்றலாம் என்றால் எத்தனை ஸ்கிரிப்டில் அது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மாற்றினால் ராத்திரி எது நிற்கும் என்ற பயம், அதனால் மாற்றுவதே இல்லை. போனவர் மேல் சந்தேகம் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் தங்கமான பசங்கள். ஆனால் ஏதாவது நடந்தால் அவரும் தன்னை நிரூபிக்க முடியாது, இருக்கிறவரும் நிரூபிக்க முடியாது. 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் போட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சரி, லாகை எடுத்துப் பார்க்கிறோம். ரூட்டுக்குப் பாஸ்வேர்டு சரி, உள்ளே விட்டேன், இந்த ஐபி என்று ஒரு வரி. ஸ்கிரிப்டா, ஆளா, எந்த ஆள்? லாகுக்கே தெரியாது.

டையிங் யூனிட் நடத்துகிற ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், "ஏனுங் தம்பி, இத்தன வருசமா ஓடிட்டுத்தானுங்க இருக்குது, இப்ப எதுக்கு மாத்தோணும்?" நியாயமான கேள்வி. நான் பதிலுக்குக் கேட்டேன், "அண்ணா, உங்க ஷேடு ரெசிபி எல்லாம் எந்த சர்வர்ல இருக்குதுங்க?" லேப் டிப் என்ற மாதிரிச் சாயம் போட்டு, பையர் அப்ரூவல் வாங்கி, எந்தச் சாயம் எத்தனை சதவீதம், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் என்று வருஷக்கணக்காகச் சேர்த்த ரெசிபிகள் அவை. அதை மாஸ்டர் தவிர இன்னொருவர் பார்க்கவே அவர் விடமாட்டார். ஆனால் பேட்ச் ரிப்போர்ட் அனுப்புகிற ஸ்கிரிப்டில் இருக்கும் பாஸ்வேர்டு அதே சர்வரின் ரூட். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மாத்தீருங்க" என்றார்.

எஸ்எஸ்எச் பிறந்ததே பாஸ்வேர்டு திருட்டில்தான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்து, போகிற வருகிற பாஸ்வேர்டுகளைச் சேர்த்துவிட்டார்கள். டெல்நெட், ஆர்லாகின் காலம், எல்லாம் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகும். அங்கே ஆய்வாளராக இருந்த டாடு இலோனன் அதைப் பார்த்துவிட்டு எழுதியதுதான் எஸ்எஸ்எச். போர்ட் எண்ணில் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 காலியாக இருந்தது, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு முன்பு ஆர்எஸ்எச் இருந்தது, பாஸ்வேர்டே இல்லாமல் ஸ்கிரிப்ட் ஓடும், ஏனென்றால் இந்த ஐபியிலிருந்து வந்தால் நம்பு என்று ஒரு ஃபைலில் எழுதிவிடுவார்கள். ஐபியை நடிப்பது சுலபம் என்பதால் அது ஒழிந்தது. ஆக, ஆள் இல்லாமல் ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்குள் நுழைவது எப்படி என்ற கேள்விக்கு எஸ்எஸ்எச் ஆரம்பத்திலிருந்தே பதில் வைத்திருந்தது. அது சாவி ஜோடி. 30 வருஷமாக அது அங்கேயே இருக்க, நாம் எக்ஸ்பெக்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

சாவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தடவை சரியாகப் புரிந்துகொண்டால் பாஸ்வேர்டு பக்கம் திரும்பவே மனசு வராது. இரண்டு பாதி. பிரைவேட் கீ ஸ்கிரிப்ட் ஓடுகிற மெஷினிலேயே இருக்கும், அதைவிட்டு வெளியே போகவே போகாது. பப்ளிக் கீயை அந்தப் பக்கத்து சர்வரில் ஆத்தரைஸ்டு கீஸ் என்ற ஃபைலில் ஒரு வரியாக எழுதி வைக்கிறோம். இணைப்பு வந்ததும், அந்த இணைப்புக்கென்று மட்டும் உருவான ஓர் அடையாள எண்ணோடு யூசர் பெயரையும் சேர்த்து, பிரைவேட் கீயால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது இந்தப் பக்கம். பப்ளிக் கீயை வைத்து அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கிறது அந்தப் பக்கம். அவ்வளவுதான். அந்தக் கையெழுத்தை யாராவது பிடித்து வைத்துக்கொண்டாலும் அடுத்த இணைப்புக்கு அது செல்லாது.

பாஸ்வேர்டில் நடப்பது வேறு. கம்பியில் மறைத்துத்தான் போகும், ஆனால் மறுமுனையில் இருக்கும் சர்வரின் கைக்குப் பாஸ்வேர்டு முழுசாகப் போய்ச் சேரும். மறுமுனை போலி சர்வராக இருந்தால்? அதைக் கண்டுபிடிக்கத்தான் நோன் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைல் இருக்கிறது, முதல் தடவை பார்த்த சர்வரின் சாவியை நினைவில் வைத்து, மாறினால் பெரிய எழுத்தில் எச்சரிக்கும். நம் பக்கத்து ஸ்கிரிப்டுகளில் எஸ்எஸ்எச்பாஸுக்குப் பக்கத்திலேயே ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங் நோ என்றும் எழுதியிருப்பார்கள், அந்தக் கேள்வி வந்து ஸ்கிரிப்ட் நிற்கக்கூடாது என்று. எனக்கு மிகவும் கோபம் வருகிற வரி இதுதான். யார் கதவைத் திறந்தாலும் பரவாயில்லை, கேட்காமல் உள்ளே போ என்கிற ஏற்பாடு அது. கேள்வி தொந்தரவாக இருந்தால் நோ வேண்டாம், அக்செப்ட் நியூ என்று போடுங்கள். 2017இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.6 முதல் இருக்கிறது. புது சர்வரை ஏற்றுக்கொள்ளும், தெரிந்த சர்வரின் சாவி மாறியிருந்தால் மறுத்துவிடும். இன்னும் நல்லது, சர்வரின் சாவியை நேரில் பார்த்து நோன் ஹோஸ்ட்ஸில் நாமே எழுதி வைப்பது. 2023 மார்ச்சில் கிட்ஹப்பே தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயின் பிரைவேட் பாதி ஒரு பொது ரெப்போவில் கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டது என்று சாவியை மாற்றியது, அன்றைக்கு உலகம் முழுக்க ஸ்கிரிப்டுகள் நின்றன. நின்றதுதான் சரி.

சாவி செய்வது ஒரு கட்டளை. எஸ்எஸ்எச் கீஜென், வகைக்கு எட்25519. 2014 ஜனவரியில் வந்த 6.5 பதிப்பிலிருந்து இந்த வகை இருக்கிறது, 2023இல் வந்த 9.5 முதல் கேட்காமலே இதைத்தான் செய்யும். பப்ளிக் பாதி ஒரு சின்ன வரி, அதில் சாவி 68 எழுத்துதான், ஃபோனில்கூட அனுப்பலாம், யார் பார்த்தாலும் பாதகமில்லை. கமென்ட் என்று ஒரு இடம் இருக்கும், அதில் எந்த மெஷின், எந்த வேலை, எந்த மாதம் என்று எழுதுங்கள்; ரூட்@லோக்கல்ஹோஸ்ட் என்று விட்டால் ஒரு வருஷம் கழித்து அது எதற்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. பர்மிஷனில் மட்டும் கவனம். பிரைவேட் கீ ஃபைலை மற்றவர்கள் படிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதைத் தொடவே மறுக்கும், அந்தப் பக்கம் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத முடிந்தால் சர்வர் சாவியை மதிக்காது. சாவி போட்டும் பாஸ்வேர்டு கேட்குதே என்று எனக்கு வரும் ஃபோன்களில் பாதிக்கு மேல் இந்த பர்மிஷன்தான்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், நம் பக்கம் டாலியும் ஈஆர்பியும் அதில்தான் ஓடுகிறது. விண்டோஸ் 10இல் 2018 கடைசியில் வந்த 1809 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் மைக்ரோசாஃப்ட்டிடமிருந்தே கிடைக்கிறது, ஆகவே பிளிங்கை விட்டுவிடலாம். ஆனால் உள்ளே வருகிற யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் இருந்தால் அவருடைய ஃபோல்டரில் இருக்கும் சாவி ஃபைலை சர்வர் பார்க்காது. புரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கென்று தனி ஃபைல் இருக்கிறது, அங்கேதான் எழுத வேண்டும். இதற்கு ஒரு நாள் முழுக்கப் போராடியவர்களை எனக்குத் தெரியும். அட்மின் அல்லாத ஒரு யூசரைச் செய்து அதில் ஸ்கிரிப்டை விடுவது இதைவிட நல்லது.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி. கோயம்புத்தூரில் கல்லூரிப் பசங்களிடம் பேசப் போனாலும் முதல் வரிசையில் ஒரு பாப்பா எழுந்து இதைத்தான் கேட்கும்: "சார், ஸ்கிரிப்டுக்கு வைக்கிற சாவிக்குப் பாஸ்ஃப்ரேஸ், அதாவது சாவியையே பூட்டற பாஸ்வேர்டு, போட முடியாது, போட்டா அதைத் தட்ட ஆள் வேணும். அப்ப ஃபைல்ல இருக்கற பாஸ்வேர்டுக்கும் ஃபைல்ல இருக்கற சாவிக்கும் என்னங்க சார் வித்தியாசம்? ரெண்டையும் திருடலாமே?"

திருடலாம். சாவி செய்து, ரூட்டின் ஆத்தரைஸ்டு கீஸில் அப்படியே ஒட்டிவிட்டு வந்தால் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்தான். பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சாவியின் முழு அருமையும் அந்த ஒரு வரியின் முன்னால் நாம் எழுதக்கூடிய நிபந்தனைகளில் இருக்கிறது. தோட்டத்தில் தண்ணி கட்ட வருகிறவருக்கு மோட்டார் ரூம் சாவியைக் கொடுப்போம், வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுக்க மாட்டோம். பாஸ்வேர்டை அப்படிப் பிரித்துக் கொடுக்க வழியே இல்லை. சாவியைப் பிரிக்கலாம்.

பெருந்துறை சிப்காட்டில் ஒரு டையிங் சர்வர், திருப்பூரில் ஹெட் ஆபீஸ் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். பேட்ச் ரிப்போர்ட் ஃபோல்டரை ராத்திரி ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் போட்டு திருப்பூர் இழுத்துக்கொள்ள வேண்டும், அது மட்டும்தான் வேலை. பெருந்துறை சர்வரில் ரிப்போர்ட் என்று ஒரு சாதாரண யூசர், ரூட் உரிமை வாங்கும் சூடோ கிடையாது, ரெசிபி ஃபோல்டரைப் படிக்க அனுமதி கிடையாது. அவருடைய ஆத்தரைஸ்டு கீஸில் திருப்பூர் மெஷினின் பப்ளிக் கீ. அந்த வரியில் சாவிக்கு முன்னால் முதலில் ரெஸ்ட்ரிக்ட் என்ற ஒரே சொல். 2016இல் வந்த 7.2 முதல் இருக்கிறது. அதைப் போட்டதும் போர்ட் ஃபார்வர்டிங், ஏஜென்ட் ஃபார்வர்டிங், டெர்மினல் என்று சாவியோடு வரும் கூடுதல் வசதிகள் எல்லாம் ஒரேயடியாக மூடிவிடும். நாளைக்குப் புதுசாக ஏதாவது வசதி சேர்ந்தாலும் அதுவும் மூடியே இருக்கும். அப்புறம் ஒரு காற்புள்ளி, கமாண்ட் என்று எழுதி சமக்குறி, மேற்கோளுக்குள் ஓட வேண்டிய கட்டளை. இந்தச் சாவியோடு வருகிறவர் எதைக் கேட்டாலும் சர்வர் ஓட்டுவது அந்தக் கட்டளையை மட்டும்தான். ஆர்சிங்க் வேலைக்கு ஆர்ஆர்சிங்க் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஆர்சிங்கோடேயே கிடைக்கிறது. ஹைபன் ஆர்ஓ போட்டு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது, வெளியே போக விடாது. அங்கேயே காலி இடம் விட்டு, சாவியை ஒட்டினால் முடிந்தது.

இப்போது திருப்பூர் மெஷினை யாரோ உடைத்து அந்தச் சாவியை எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கிடைப்பது நேற்றைய பேட்ச் ரிப்போர்ட். திருப்பூர் மெஷினில் அது ஏற்கெனவே இருக்கிறது. கட்டளை தட்டும் ஷெல் கிடைக்காது, ரெசிபி கிடைக்காது, உள்ளே இருக்கும் இன்னொரு மெஷினுக்கு அதை ஏணியாக வைத்து ஏறவும் முடியாது. நான் வரியை அழிக்கிறேன், புதுசு போடுகிறேன், வேறு எந்த ஸ்கிரிப்டும் நிற்காது. பாஸ்வேர்டு என்றால் அன்று ராத்திரியே மூன்று ஊருக்கும் வண்டி எடுக்க வேண்டும். அந்தப் பாப்பாவுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

பேக்கப்புக்கு இதையே திருப்பிப் போடலாம், எழுத மட்டும் விடுகிற ஹைபன் டபிள்யூஓ. ரான்சம்வேர் வந்து மூலச் சர்வரையே பிடித்துக்கொண்டால், பேக்கப் சர்வரின் ரூட் பாஸ்வேர்டு அங்கே ஸ்கிரிப்டில் இருக்கிறவர்கள் பேக்கப்பையும் சேர்த்து இழக்கிறார்கள். இன்னும் சொன்னால் மூலச் சர்வரின் கையில் பேக்கப் சாவியே வேண்டாம், பேக்கப் சர்வரே வந்து இழுத்துக்கொள்ளட்டும், அதுதான் என் விருப்பம்.

ஃப்ரம் என்று இன்னொரு நிபந்தனையும் உண்டு, இந்த ஐபியிலிருந்து வந்தால் மட்டும் இந்தச் சாவி செல்லும் என்று. நல்ல விஷயம். ஆனால் நம் யூனிட்களில் பாதி பிராட்பேண்டில் ஓடுகிறது, மோடத்தை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடும், கரண்ட் போய் வந்த மறுநாள் ரிப்போர்ட் வராது. நிலையான ஐபி வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டு பக்கத்துக்கும் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டு அந்த உள் ஐபியை எழுதுங்கள். எஸ்எஸ்எச் வெளியே தெரியாமலும் இருக்கும். ஸ்கிரிப்ட் பக்கம் மறக்காமல் பேட்ச்மோட் எஸ் என்று போட்டுவிடுங்கள். சாவி ஏதோ காரணத்தால் செல்லவில்லை என்றால் பாஸ்வேர்டு கேட்டுக் காத்துக்கிடக்காமல் உடனே பிழையோடு வெளியே வரும், நமக்கும் காலையில் தெரியும்.

மனிதர்கள் உட்கார்ந்து லாகின் செய்வதற்கு வேறு ஏற்பாடு. அங்கே பாஸ்ஃப்ரேஸ் கட்டாயம். திறந்த சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் இருக்கிறது, காலையில் ஒரு தடவை தட்டினால் சாயங்காலம் வரை போதும். ஆளுக்கு ஒரு சாவி, ஆளுக்கு ஒரு யூசர். சாவியோடு வந்தால் சர்வர் லாகில் அந்தச் சாவியின் கைரேகையும் பதிவாகும், ஆகவே யார், எந்த வேலை என்பது அந்த வரியிலேயே தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றைக்கு அவருடைய வரியை எடுத்துவிட்டு, கைகொடுத்து அனுப்பலாம், அவருக்கும் நிம்மதி. ஒரு சர்வர் வழியாக இன்னொன்றுக்குப் போக ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை உபயோகிக்காதீர்கள், நடுவில் இருக்கும் சர்வரின் ரூட் உங்கள் ஏஜென்டைக் கடன் வாங்கிக்கொள்ள முடியும். புராக்சிஜம்ப் இருக்கிறது, அதற்கு அந்தக் கவலை இல்லை. வசதி இருந்தால் யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்கலாம், 2020இல் வந்த 8.2 முதல் எஸ்எஸ்எச் அதை ஏற்றுக்கொள்கிறது, தொட்டால்தான் கையெழுத்துப் போடும்.

எஸ்எஸ்எச் சரியாகிவிட்டது, ஸ்கிரிப்டில் அடுத்த வரி டேட்டாபேஸை ஃபைலாக எடுக்கும் மைஎஸ்க்யூஎல் டம்ப், அதில் இன்னொரு பாஸ்வேர்டு. இது எப்போதும் வரும். டேட்டாபேஸ் அதே மெஷினில் இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை. போஸ்ட்கிரெஸில் பியர் என்ற முறை, மைஎஸ்க்யூஎல், மரியாடிபியில் சாக்கெட் முறை: இந்த லினக்ஸ் யூசராக ஓடுகிறதா, அப்படியானால் அதே பெயர் டேட்டாபேஸ் யூசராக உள்ளே விடு என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் ஓடுவது எந்த யூசர் என்பதை கர்னலே சொல்கிறது. பேக்கப்புக்கு என்று ஒரு யூசர், படிக்க மட்டும் உரிமை, போதும். மைஎஸ்க்யூஎல்லில் லாகின் பாத் என்று ஒரு ஃபைல் செய்து வைக்கலாம், திறந்து பார்த்தால் குப்பை எழுத்தாகத் தெரியும். அது கண்ணுக்கு மறைப்பதோடு சரி, பூட்டு என்று நம்பிவிடாதீர்கள்.

பாஸ்வேர்டு தவிர வேறு எதையும் ஏற்காத இடங்களும் உண்டு. பையரின் பழைய எஃப்டிபி, வருகைப் பதிவு மெஷின், குடோனில் தொங்கும் ஒரு ரவுட்டர். அங்கே வேறு வழியில்லை, அந்தப் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டிலிருந்து பிரித்து 600 பர்மிஷனில் தனி ஃபைலில் வையுங்கள், பேக்கப்பிலிருந்து அந்த ஃபைலை விலக்குங்கள், அந்தக் கணக்குக்கு உரிமையை எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். அதே பாஸ்வேர்டு வேறு எங்கேயும் இருக்கக்கூடாது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஓடும் புது சர்வர் என்றால் கிரெடென்ஷியலை மறையாக்கம் செய்து வைத்து, அந்த ஒரு சேவை ஓடும்போது மட்டும் அதற்குக் கொடுக்கிற வசதி இருக்கிறது, கற்றுக்கொள்ள ஒரு மதியம் ஆகும்.

எல்லா ஸ்கிரிப்டும் சாவிக்கு மாறியதும் ஒரு வாரம் லாகைப் பாருங்கள். பாஸ்வேர்டால் உள்ளே வந்ததாக வரி ஏதாவது இருந்தால், எங்கேயோ ஒரு மறந்துபோன ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம், தேடிப் பிடியுங்கள். அந்த வரிகள் நின்ற பிறகு பழைய பாஸ்வேர்டை மாற்றுங்கள், கிட் ஹிஸ்டரியில் இருந்தாலும் வாட்ஸ்அப்பில் இருந்தாலும் இனி அது செல்லாக்காசு. பிறகு சர்வரில் பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் நோ, கூடவே கேபிடி இன்டராக்டிவ் ஆத்தென்டிகேஷன் நோ. இரண்டையும் போட வேண்டும், ஒன்றை விட்டால் பாம் என்ற லினக்ஸ் லாகின் அடுக்கு வழியாகப் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். கைவசம் ஒரு லாகினைத் திறந்தே வைத்துக்கொண்டு, எஸ்எஸ்எச்டி ஹைபன் சின்ன டி போட்டு ஃபைலில் பிழையில்லை என்று பார்த்துவிட்டு ரீலோடு செய்யுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உபுண்டு கிளவுட் சர்வர்களில் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் 50 என்று ஆரம்பிக்கும் சர்வரை முதலில் அமைக்கும் கிளவுட் இனிட்டின் ஃபைல் ஒன்று இருக்கும், பல இடங்களில் அதில் பாஸ்வேர்டு எஸ் என்று எழுதியிருக்கும். எஸ்எஸ்எச் முதலில் பார்த்த மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும், அந்த ஃபோல்டர் முதலிலேயே படிக்கப்படும், ஆகவே நீங்கள் முதன்மை ஃபைலில் நோ என்று எழுதியது செல்லாது. ஹைபன் பெரிய டி போட்டு ஓட்டினால் சர்வர் உண்மையில் எந்த மதிப்போடு ஓடும் என்று முழுசாகக் காட்டும், அதை நம்புங்கள். அப்புறம் வேறு ஒரு மெஷினிலிருந்து, சாவி இல்லாமல், வேண்டுமென்றே பாஸ்வேர்டோடு போய்ப் பாருங்கள். பர்மிஷன் டினைடு என்று வந்து, அடைப்புக்குறிக்குள் பப்ளிக்கீ என்று மட்டும் இருந்தால் சரி. பாஸ்வேர்டு என்ற சொல்லும் கூட இருந்தால் இன்னும் வேலை முடியவில்லை.

ரூட் பாஸ்வேர்டு அதற்காக ஒழிந்துவிடாது. நெட்வொர்க்கே போய்விட்டால் சர்வருக்கு முன்னால் கீபோர்டு வைத்து உட்காரும்போது அது வேண்டும். நீளமாக, எந்த ஸ்கிரிப்டிலும் இல்லாத புதுசு ஒன்றைப் போட்டு, காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டு முதலாளியின் பீரோவில் வைத்துவிடுங்கள். கவர் கிழிந்தால் அன்றைக்கே மாற்றிப் புதுக் கவர்.